நாணலுக்குள் ஆடும் காற்று

சூஃபி எனும் இஸ்லாமிய மெய்ஞ்ஞான மரபின் கவிஞரான மௌலானா ஜலாலுதீன் ரூமி 1273 டிசம்பர் 17 அன்று இன்றைய துருக்கியின் கொன்யா நகரில் மறைந்தார். அந்த நாளையொட்டி ஆண்டுதோறும் அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ரூமியின் பாரசீகப் பாடல்களைக் கிதார், தஃப் எனும் கைப்பறை, நாணற்குழல் ஆகியவற்றோடு நாட்டார் இசைப் பாணியில் பாடிய ஒரு பதிவைக் கேட்ட வாசகர் ஒருவர், "எனக்குப் பாரசீகம் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் பாடகர் நிறுத்தியபின் அந்தக் குழல் ஒலிக்கும்போது யாரோ அழுவதுபோல் இருக்கிறதே, நம் புல்லாங்குழல் அப்படி ஒலிப்பதில்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தார்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இந்த நாணற்குழலின் பெயரைத் துருக்கியர் உச்சரிப்பதுபோல அப்படியே எழுதினால் 'நெய்' என்றாகிவிடும். படிப்பவர் மனம் திருநெல்வேலி அல்வாவுக்குப் போய்விடும் என்பதால் இங்கே 'நேய்' என்றே எழுதுகிறேன்.

ரூமியின் 'மஸ்னவி' ஏறத்தாழ 25,000 ஈரடிகள் கொண்ட நூல். அதன் முதல் 18 ஈரடிகளில் பேசப்படுவது இந்த நேய்தான். நாணற்காட்டிலிருந்து அறுக்கப்பட்ட தண்டு, தான் பிரிந்து வந்த இடத்தை எண்ணிப் புலம்புகிறது. அதன் ஓசை காற்று அன்று, தீ என்கிறார் கவிஞர். ரூமியின் வழிவந்த மெவ்லவி சூஃபி மரபினரின் சமா எனும் சுழலாட்டச் சடங்கில் நேய்க்குத் தனியிடம் கிடைத்ததும் இந்தத் தொடக்கத்தின் வழியாகத்தான். தீ என்பதை இயற்பியல் ஒப்புக்கொள்ளாது. நாணல் அழுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளாது. ஏனெனில் நேயில் நாணல் அதிர்வதே இல்லை.

நாதசுவரத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். நாதசுவரத்தின் ஊதுமுனை சீவாளி; காவிரிக்கரைக் கொறுக்கை என்ற நாணலின் தட்டையைப் பதப்படுத்திச் செய்யும் அதில் தட்டையின் இரு இதழ்களும் திறந்து மூடி அதிர்கின்றன. ஒலியின் பிறப்பிடம் அதுவே. நேயும் நாணலால் ஆனதுதான், ஆனால் அங்கே நாணல் வெறும் சுவர். கணுக்களை உள்ளே துளைத்து, விரல் துளைகளைச் சூட்டுக்கோலால் இட்டு, இரு முனைகளும் திறந்த குழாயாக அதை ஆக்குகிறார்கள். அதிர்வது உள்ளே நிற்கும் காற்றுத்தம்பம் மட்டுமே. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரே அளவில் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் புல்லாங்குழல்களைச் செய்து, எது எதென்று காட்டாமல் வாசிக்கச் செய்தார். கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் ஒலியைக்கொண்டு அவற்றை வேறுபடுத்த முடியவில்லை என்று 1971இல் வெளியிட்டார். நானும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மின்கம்பிக் குழாயை 80 சென்டிமீட்டருக்கு அறுத்து ஊதிப் பார்த்தேன். இரண்டு மாலைகள் வெறும் சீறல்; தலைசுற்றலும் வந்தது. மூன்றாம் மாலை, தலையை ஒருபக்கம் சாய்த்து, உதட்டின் ஓரத்தால் குழாய் வாயின் பாதியை மூடியபோது, தாழ்ந்த ஒரு சுரம் திடீரென்று கைவிரல்களுக்குள் நடுங்கியது.

அந்தச் சீறல் எப்படிச் சுரமாயிற்று என்பதைத்தான் எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு அலுப்பதில்லை. உதடுகளுக்கு நடுவிலிருந்து காற்று மெல்லிய தகடுபோல வெளிப்பட்டுச் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் எதிர் விளிம்பில் மோதுகிறது. இந்தத் தகடு நிலையற்றது. காற்றில் தொங்கும் ஈரத்துணிபோல, ஒரு முனையில் சற்றே அசைத்தால் போதும், அசைவு வளர்ந்துகொண்டே மறுமுனைக்குப் போகும். குழாயினுள் இருக்கும் காற்று சிறிதளவு முன்னும் பின்னும் ஆடினால், அது உதட்டருகே தகட்டை இலேசாக வளைக்கிறது. அந்த வளைவு தகட்டின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் பயணம் செய்து, பெரிதாகி, விளிம்பை அடைகிறது. அடையும்போது தகடு ஒரு கணம் குழாய்க்குள்ளும் மறுகணம் வெளியிலுமாகச் சாய்கிறது. உள்ளே சாயும் கணமும் உள்ளிருக்கும் காற்றுக்குத் தள்ளல் தேவைப்படும் கணமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல ஆட்டம் வளர்கிறது. ஒத்துப்போகாவிட்டால் என் இரண்டு மாலைகள்தான் மிச்சம். 80 சென்டிமீட்டர் குழாயில் இந்தத் தள்ளல் வினாடிக்குச் சுமார் 200 முறை நடக்கிறது.

இதிலிருந்தே நேய் வாசிப்பவரின் வித்தை பிறக்கிறது. மூச்சை இறுக்கினால் தகடு விரைவாகப் பாய்கிறது. வளைவு விளிம்பை அடையும் நேரம் குறைகிறது. அடிப்படை ஆட்டத்துக்கு அது பொருந்தாமல் போய், இருமடங்கு அதிர்வெண்ணுக்குப் பொருந்துகிறது. ஒரு விரலையும் அசைக்காமல் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். இன்னும் இறுக்கினால் மும்மடங்கு. தலையைச் சாய்க்கும் அளவை மாற்றினாலோ திறந்த வாயின் பரப்பு மாறிச் சுரம் வழுக்கிச் செல்கிறது.

அழுகைக்கு இப்போது வருவோம். புல்லாங்குழலில் ஊதுவதற்கென்று சிறு துளை உண்டு. நேயில் குழாயின் அகன்ற வாயே ஊதுமிடம். துருக்கியர் அங்கே எருமைக் கொம்பால் ஆன குமிழ் ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஈரானியரோ குழலின் முனையை மேற்பற்களில் அணைத்து நாவால் காற்றைச் செலுத்துகிறார்கள். எப்படியாயினும் காற்றின் ஒரு பகுதி சுரமாகாமல் விளிம்பில் சுழன்று சிதறி, இரைச்சலாகவே எஞ்சுகிறது. அந்த இரைச்சலையும் குழாய் சும்மா விடுவதில்லை. தனக்கு இசைவான அதிர்வெண்களை ஓங்கச் செய்து, கிசுகிசுப்புக்கும் சுரச்சாயல் தருகிறது. மனிதக் குரலும் இப்படிப்பட்ட கலவைதான்: குரல்நாண் தருவது சுரம், 'ஹ', 'ஸ' ஒலிகள் தருவது இரைச்சல். விசும்பும்போது இரண்டாவது மிகுகிறது. நேயிலும் தாழ்ந்த சுரங்களில் ஆட்டம் நிலைபெறச் சற்று நேரம் பிடிப்பதால், மூச்சு முதலிலும் சுரம் பின்னுமாக வருகிறது. இறைவனைக் குறிக்கும் 'ஹூ' என்ற சொல்லை அதில் சூஃபிகள் கேட்டதில் வியப்பில்லை. அதற்காக அவர்கள் பாய்ம இயக்கவியலை முன்பே அறிந்திருந்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம். அவர்களுக்குக் கூர்மையான செவி இருந்தது, அது போதுமானது.

கிதார் இந்தக் குழலோடு எளிதாகச் சேர்வதற்கும் காரணம் உண்டு. மீட்டிய தந்தி ஓங்கித் தொடங்கி உடனே தேய்கிறது; நேய் மெல்லத் தொடங்கி நீள்கிறது. ஒன்று தேயும் இடத்தில் மற்றது எழுவதால் ஒன்றையொன்று மறைப்பதில்லை. ஊதுகிறவர் பாட முடியாது என்பதால், பாடகர் ஓரடியைப் பாடி நிறுத்தும் இடைவெளியில் குழல் விடை சொல்லும் அமைப்பும் இயல்பாகவே வந்துவிடுகிறது. சிக்கல் சுரத்தானத்தில் வருகிறது. துருக்கிய இசைக்கோட்பாடு ஒரு ஸ்தாயியைக் கோமா எனும் 53 நுண்பகுதிகளாகப் பகுக்கிறது. ராஸ்த் என்ற மகாமின் (நம் ராகம் போன்றது) மூன்றாம் சுரம் கிதாரின் அந்தர காந்தாரத்துக்குச் சற்றே கீழே நிற்கிறது. கிதாரின் கழுத்தில் பதித்த நிலையான மெட்டுகளில் (fret) அதற்கு இடமில்லை. துருக்கிய இசைக்கலைஞர் எர்கான் ஓகுர் 1976இல் மெட்டுகளே இல்லாத கிதாரை உருவாக்கியது இந்த நெருக்கடிக்கு ஒரு நேர்த்தியான தீர்வு.

சுருதியைப் பற்றி இன்னொன்று: வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 432 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தால் 'சூஃபி இசை' நோய் தீர்க்கும் என்று இணையத்தில் விற்கிறார்கள். காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. குழலினுள் காற்று 10 பாகை குளிர்ந்தாலே 440 ஏறத்தாழ 432 ஆகிவிடும். அப்படியானால் டிசம்பர் குளிரில் உறையிலிருந்து எடுத்த குழல் மருந்தாகவும், பத்து நிமிடம் ஊதிச் சூடேறிய அதே குழல் வெறும் குழலாகவும் இருக்கவேண்டும். இந்த விளம்பரங்களுக்குச் செல்லும் பணத்தில் சிறு பங்கு நம் கருவிகளின் ஒலியியலுக்கு வந்தால் நன்றாக இருக்கும். இயற்பியலாளர் சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் தாளக்கருவிகளின் மேற்சுரங்களைப் பற்றி 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நூறாண்டு கழித்தும், மேற்கத்தியப் புல்லாங்குழலுக்குக் கிடைத்த ஆய்வு நேரத்தோடு ஒப்பிட்டால் சீவாளிக்குக் கிடைத்தது சொற்பம் என்பது என் மனக்குறை.

சூடேறினால் சுருதி ஏறும் என்பது வாசிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேடையேறும் முன் ஊதிச் சூடேற்றிக்கொள்கிறார்கள். எஞ்சும் வேறுபாட்டை வாசிக்கும்போதே தலையின் சாய்வால் சரிசெய்கிறார்கள். பாடகரின் சுருதியே மாறினால் சாய்வு போதாது. வேறு நீளமுள்ள குழல் வேண்டும். அதனால்தான் அவர்களுடைய பையில் ஒன்றல்ல, பல குழல்கள் இருக்கின்றன.