வேகத்தைப் பிடிப்பது மூக்கா, எஞ்சினா?

"ஆட்டோபைலட்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே, அப்படியானால் எல்லா நிறுவனத்து விமானிகளும் ஒரே மாதிரிதானே ஓட்டுவார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஒரே ரக விமானத்தை இரண்டு நிறுவனங்கள் வாங்கினாலும், எந்த வசதியை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதை அந்தந்த நிறுவனத்தின் கையேடுதான் சொல்லும். தயாரித்தவர் பரிந்துரைப்பார், அரசு ஒப்புதல் தரும். மிச்சத்தை நிறுவனம் முடிவு செய்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் ஏறக்குறைய போயிங் 737 ஒன்றையே நம்பி வளர்ந்தது. 737-700 ரகத்தை 1997 டிசம்பரில் உலகிலேயே முதலில் பெற்றுக்கொண்டதும் அதுதான். எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலை அதில் பல ஆண்டுகள் முடக்கியே வைத்திருந்தார்கள். நவீனத் திரைகளில்கூட பழைய முள் மீட்டர்களைப் போலவே படம் வரச் செய்திருந்தார்கள். காரணம் சிக்கனம்தான். இன்று பழைய 737-ஐ ஓட்டியவர் நாளை புதியதில் ஏறினாலும் தடுமாறக் கூடாது, தனிப் பயிற்சிக்கும் காசு போகக் கூடாது. செயற்கைக்கோள் வழிகாட்டலில் துல்லியமாக இறங்கும் முறைக்கு மாற முடிவெடுத்த பிறகுதான் அந்தப் பூட்டு திறந்தது.

சரி, ஆட்டோத்ராட்டில் அப்படி என்ன செய்கிறது? போயிங்கில் ஒரு மோட்டார் விசை நெம்புகோல்களை நிஜமாகவே நகர்த்தும். யாரும் தொடாமலே அவை முன்னும் பின்னும் போய்வரும். ஏர்பஸ்ஸில் நெம்புகோல் அசையாது, கணினி நேராக எஞ்சினுக்கே கட்டளை அனுப்பும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். விமானத்தின் வேகத்தை இரண்டு வழிகளில் பிடிக்கலாம். ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது பாதையின் சரிவு மாறாது. ஆகவே மூக்கு பாதையைப் பிடிக்கும், எஞ்சின் வேகத்தைப் பிடிக்கும். மேலே ஏறும்போது இது தலைகீழ். எஞ்சின் ஒரே விசையில் நிற்கும். மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், தாழ்த்தினால் கூடும். ஆக, ஆட்டோத்ராட்டில் போட்டிருந்தாலே அது வேகத்தைக் காக்கிறது என்று அர்த்தமில்லை. எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. ஆசியானா நிறுவனத்தின் போயிங் 777, தெளிவான வானிலையில் இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 1,600 அடியில் விமானி உயரத்தை மாற்றும் முறைக்கு ஒரு பொத்தானை அழுத்தினார். கணினியில் பதிவாகியிருந்த உயரமோ 3,000 அடி. விமானம் மேலே ஏறப் பார்த்தது. உடனே ஆட்டோபைலட்டைத் துண்டித்து, நெம்புகோல்களைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்து எஞ்சின் விசையைக் குறைத்தார். ஆட்டோத்ராட்டில் 'ஹோல்ட்' நிலைக்குப் போனது. அந்த நிலையில் அது நெம்புகோலைத் தொடாது. வேகம் மூக்கின் பொறுப்பு. ஆனால் மூக்கு இப்போது விமானியின் கையில். அவரோ எஞ்சின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். பீரோவை இருவர் தூக்கும்போது மற்றவர் பிடித்திருக்கிறார் என்று இருவருமே கையை விட்ட கதை. 137 நாட் (மணிக்குச் சுமார் 254 கி.மீ.) இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் சுவரில் விமானம் மோதியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். 'ஹோல்ட்' என்ற எழுத்து விமானிகளின் கண்ணெதிரே திரையில்தான் இருந்தது.

விமானி கவனிக்கத் தவறினார் என்பது உண்மை. அதோடு கோப்பை மூடிவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தானியங்கியை முழுக்கப் பயன்படுத்தச் சொன்ன நிறுவனக் கொள்கையையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. கையால் ஓட்டிப் பழக அங்கே வாய்ப்பு குறைவு. பழக்கத்துக்கு சிமுலேட்டர் நேரம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கணக்குப் பார்ப்பவர்கள் இதில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

அதே ஆண்டு ஜனவரியில்தான், பொருத்தமான நேரங்களில் விமானிகளைக் கையால் ஓட்ட ஊக்குவிக்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை நிறுவனங்களுக்கு எழுதியிருந்தது. கட்டளையாக அல்ல, ஆலோசனையாக. எது பொருத்தமான நேரம் என்பதை அவரவர் கையேட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.