சைடு ஸ்டாண்ட் சத்தமும் மூளையும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ரவிக்கை தைக்கிறவர். ராத்திரி மெஷினை மூடி போட்டு ஓரங்கட்டியதும் போனை எடுத்துத் திரில்லர் படம் பார்ப்பார். அதுவும் எப்படிப்பட்ட படம் என்றால், ஊருக்கெல்லாம் தங்கமான மனுஷன், கதவைச் சாத்தினால் வேற ஆள் என்கிற மாதிரி புருஷன் வருகிற சைக்கோ திரில்லர். ஆனால் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டேதான் பார்ப்பார். ஏன் என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் ஆவறதில்லப்பா, சத்தம் வந்தாதான் வயித்தக் கலக்குது" என்றார்.

தன்னை அடித்த புருஷனின் வீட்டைவிட்டு அவர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் தெருவில் யாராவது பைக்கை நிறுத்தி சைடு ஸ்டாண்டைத் தட்டினால், அந்த 'டக்' கேட்ட நொடியில் கால் தையல் மெஷினின் பெடலிலிருந்து எடுபட்டுவிடும். அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

கால் முதலில், தலை அப்புறம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காதில் விழுகிற சத்தம் மூளைக்குள் தாலமஸ் என்ற இடத்தை அடைகிறது. அதை பேசின் பிரிட்ஜ் ஜங்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து பாதை பிரிகிறது. ஒரு பாதை மூளையின் வெளியடுக்கான புறணிக்குப் போய், இது என்ன சத்தம், யாருடைய வண்டி என்று நிதானமாக விசாரிக்கிறது. இன்னொன்று குறுக்கு வழியாக நேரே அமிக்டலாவுக்குப் போய்விடுகிறது. பாதாம்பருப்பு அளவுள்ள இந்தப் பகுதி விசாரணையெல்லாம் வைத்துக்கொள்ளாது, உடனே மணி அடித்து இதயத்தை ஓட்டி, கை காலை விறைக்க வைக்கும். ஜோசப் லெடூ என்ற நரம்பியலாளர் எலிகளுக்கு ஒரு ஓசையைக் கேட்கவைத்து, கூடவே காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்து இந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார். அமிக்டலாவைப் பயத்தின் இருப்பிடம் என்று சொல்லிவிடாதீர்கள், அது உடம்பை உஷார்ப்படுத்துகிறது, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று உணர்வது வேறு வேலை என்று பின்னாளில் அவரே திருத்தியும் சொன்னார். அக்காவைப் பார்த்தால் அது புரியும். அந்த நேரத்தில் அவருக்கு மனதில் பயம் என்று ஒன்றும் இருக்காதாம், கால்தான் நின்றுபோகுமாம்.

சரி, சத்தம் பழகிப்போனது புரிகிறது. ஆனால் தினமும் கேட்ட புருஷனின் வண்டிச் சத்தம் இத்தனை ஆழமாக எப்படி இறங்கியது? அக்கா சொன்னதிலேயே பதில் இருந்தது. "அடிக்கற நாள்னு தெரிஞ்சா மனச கல்லாக்கிக்கலாம். அவரு சில நாளு பீச் லைன்ல அத்தோ நூடுல்ஸ் பார்சல் வாங்கினு வருவாரு, குத்துப் பேச்சே இல்லாம ஊட்டி விடுவாரு. இன்னிக்கு எதுன்னு தெரியாம உக்காந்துனு இருக்கறதுதான் கொல்லும்."

2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரை உட்காரவைத்து ஒரு கணினி விளையாட்டு விளையாடச் சொன்னார்கள். கல்லைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஷாக். கண்மணி எவ்வளவு விரிகிறது, தோல் எவ்வளவு வேர்க்கிறது என்றெல்லாம் அளந்து பார்த்ததில், ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அக்கா எந்த ஆய்வகத்துக்கும் போகாமலே சொன்ன அதே விஷயம்.

திரில்லர் எடுப்பவர்களின் சரக்கும் இதுதான். மேசைக்கு அடியில் இருக்கிற வெடிகுண்டு திடீரென்று வெடித்தால் சில நொடி அதிர்ச்சிதான், குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு ஆட்களைச் சாவகாசமாகப் பேசவிட்டால் நிமிஷக்கணக்கில் பதைபதைப்பு என்று திரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியது பிரபலம். ஆனால் குடும்ப வன்முறைப் படத்தில் அதைவிட நுணுக்கமான ஒன்று நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குண்டு இருப்பது தெரியும், இன்றைக்கு வெடிக்குமா என்பது மட்டும் தெரியாது. நடுவில் அத்தோ பார்சலும் வரும்.

அந்தப் பார்சல்தான் பொறி. கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைக்கிற புறா, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் பழகிய புறா, தீனி நின்ற பிறகும் கொத்திக்கொண்டே இருக்கும். இது பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டியது. 1981-இல் டட்டன், பெயின்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஒருவர் கையில் அதிகாரம் குவிந்து, அடியும் அன்பும் மாறி மாறி வருகிற உறவில் பிணைப்பு தளராமல் இறுகிப்போகிறது என்று எழுதினார்கள். 'அவ்ளோ அடி வாங்கிட்டு ஏன் அங்கேயே இருந்தா?' என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் அந்தப் புறாவை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆயுதம் ஞாபகத்தையே சந்தேகப்பட வைப்பது. 'கேஸ்லைட்டிங்' என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அந்தச் சொல் பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. மாடியில் கணவன் திருட்டுத்தனமாக நகை தேடுவதற்கு கேஸ் விளக்கைக் கொளுத்துகிறான், அதனால் கீழே மனைவியின் அறை விளக்கு மங்குகிறது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு அடிபம்பு காற்றாக வாங்குமே, அதே கதைதான், ஒரே குழாய். அவள் கண்ணால் பார்க்கிறாள், ஆனால் அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான்.

ஞாபகம் என்பது பீரோவில் வைத்த பத்திரம் மாதிரி அப்படியே இருந்தால் இதெல்லாம் செல்லுபடியாகாது. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியலாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, முதல் மாதிரி கேட்கப்பட்டவர்களைவிட இரண்டாவது மாதிரி கேட்கப்பட்டவர்களில் அதிகம் பேர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. கேள்வியில் ஒரே ஒரு சொல் மாறியதற்கே இந்தக் கதி. தினமும் ஒருத்தர் கூடவே இருந்து 'நீ எங்க பணம் வெச்ச, நீயா கற்பனை பண்ணிக்கிற' என்று சொல்லிக்கொண்டிருந்தால்? அக்கா கடைசியில் மாதக் காலண்டரில் பால் கணக்குக் கட்டத்துக்குள் சின்னதாக எழுத ஆரம்பித்தாராம்: '500 அரிசி டப்பா', எவ்வளவு பணத்தை எங்கே வைத்தார் என்று. மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு இல்லை, தனக்கே சாட்சி வேண்டியிருந்தது. இந்த மாதிரி வார்த்தையால் வதைப்பதும் பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும்கூட 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட அடிபட்ட தழும்பு தேவையில்லை.

படங்கள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகின்றன. அவன் சாவான், அவள் காரில் ஏறிப் போவாள், கடல் தெரியும். அக்காவுக்கு அதில்தான் கோபம். "அப்பால அவ தூங்குனாளா, அதக் காட்டுடா பாக்கலாம்" என்பார். எனக்கும் அதுதான் பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் அறிவியல்படி சுவாரஸ்யமான பாதியே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

பயம் அழிவதில்லை. பாவ்லோவ் நாயிடமே அதைப் பார்த்துவிட்டார். மணி அடித்தால் தீனி வரும் என்று பழகி எச்சில் ஊறுகிற நாய்க்கு, மணி மட்டும் அடித்துத் தீனி தராமல் விட்டால் எச்சில் ஊறுவது நின்றுவிடும், ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி மணி அடித்தால் திரும்ப ஊறும். பழைய பாடம் அங்கேயே கிடக்கிறது, 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் அதன்மேல் ஏறி உட்காருகிறது, அவ்வளவுதான். அந்தப் புதுப் பாடமும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று மார்க் பூட்டன் என்ற உளவியலாளர் பல வருஷ ஆராய்ச்சியில் காட்டினார். இடத்தை அடையாளம் பிடிப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு. அக்கா இங்கே வருவதற்கு முன்பு திருவொற்றியூரில் தங்கை வீட்டில் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார், யார் வண்டி நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு கல்யாணத்துக்காகப் பழைய தெருவுக்குப் போனார், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வெளியே ஒரு 'டக்'. கையிலிருந்த பாயசக் கப் கீழே.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, சிக்கலான பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு என்று தமிழில் சொல்லலாம். தப்பிக்க வழியில்லாமல் நீண்ட நாள் வதைபட்டவர்களுக்கு வருவது. பழையது திரும்பத் திரும்ப எதிரே வருவது, அதை நினைவூட்டுகிற எல்லாவற்றையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் போகவில்லை என்றே இருப்பது, இவற்றோடு நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிற பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, மெதுவாக.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1967-இல் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள், தப்பவே முடியாமல் ஷாக் வாங்கிய நாய்கள் பின்னால் வழி இருந்தும் தப்பாமல் படுத்துக்கிடப்பதைப் பார்த்து, கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொள்கின்றன என்றார்கள். சுமார் ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே இருவரும் நாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான பதில், அதைக் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது 'இது என் கையில் இருக்கிறது' என்பதைத்தான், அதைக் கண்டுகொண்டு முடக்கத்தை அடக்குவது முன்மூளையின் ஒரு பகுதி. அக்கா ஏன் இதே மாதிரி படங்களையே தேடிப் பார்க்கிறார் என்பதற்கு என் ஊகமும் இதுதான். அந்தப் படத்தில் வருகிற ஆளை அவர் விரலால் நிறுத்தலாம்.

போன வாரம் போனபோது சத்தத்தை இரண்டு கோடு ஏற்றியிருந்தார். நடுவில் தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது, 'டக்'. படத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "தண்ணி கேன்காரன்" என்றார். அப்புறம் பத்து நொடி பின்னால் தள்ளி, விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.