பைதான் சர்டிபிகேட்டை மடித்து வையுங்கள், பேனாவை எடுங்கள்

நுழைவுத்தேர்வுக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொல்லி என்னிடம் வருவது பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் வழக்கமாக ஆரம்பிக்கும், இந்த வருடமும் ஆரம்பித்துவிட்டது. அப்பா ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பைல், அதற்குள் பைதான் சர்டிபிகேட், ஜாவா சர்டிபிகேட், ஏதோ ஒரு ஆன்லைன் நிறுவனம் கொடுத்த ஏஐ சர்டிபிகேட். "சி.எம்.ஐ. நுழைவுத்தேர்வு எழுதப் போறான் சார். கம்ப்யூட்டர் போர்ஷன் எல்லாம் முடிச்சுட்டான், மேத்ஸ் மட்டும் நீங்க கொஞ்சம் பார்த்துவிட்டா போதும்" என்றார்.

கம்ப்யூட்டர் போர்ஷன் என்று அந்தத் தேர்வில் ஒன்றும் கிடையாது. இதை ஒவ்வொரு வருடமும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சிறுசேரி சிப்காட்டில் இருக்கிறதே சென்னை கணிதவியல் கழகம், எல்லோரும் சி.எம்.ஐ. என்று சொல்வது, அங்கே பி.எஸ்சி. ஹானர்ஸில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பாடப்பிரிவு 1998 முதல் நடக்கிறது. நாட்டில் கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பக்கத்தை இளங்கலையிலேயே இவ்வளவு ஆழமாகச் சொல்லித்தரும் இடங்கள் சொற்பம். அதற்குச் சேர ஒரு நுழைவுத்தேர்வு. அதில் வருவது கணிதம் மட்டும்தான், அதுவும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம். ஒரு நிரல் எழுதச் சொல்லமாட்டார்கள். சி மொழியில் இதன் வெளியீடு என்ன என்று கேட்கமாட்டார்கள். ரேம், ரோம் விரிவாக்கம் கேட்கமாட்டார்கள். "அப்புறம் ஏன் சார் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு பேர்?" என்று அந்தப் பையனும் கேட்டான், அவனுக்கு முன்னால் வந்தவர்களும் கேட்டார்கள்.

சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கரும்பலகையில் 1 முதல் 100 வரை எண்களை எழுதுங்கள். ஏதாவது இரண்டை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வரும் எண்ணை அங்கே எழுதுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். அது ஒற்றைப்படையாக இருக்க முடியுமா? வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கொடுக்கும் கணக்குகளில் இது ஒன்று. கோடிங் கிளாஸ் போய்வந்த பிள்ளைகள் உடனே சொல்வது, "லேப்டாப் இருந்தா ஒரு லூப் போட்டு ஓட்டிப் பார்த்துடலாம் சார்." லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் நிரல் பகுதி. ஓட்டலாம், தாராளமாக. ஆயிரம் தடவை ஓட்டினால் ஆயிரம் தடவையும் இரட்டைப்படை வரும். ஆனால் எந்த இரண்டை முதலில் அழிப்பது, எதை அடுத்து அழிப்பது என்று இருக்கும் வழிகளை எல்லாம் ஓட்டிப் பார்த்து முடிக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. ஆயிரத்தோராவது தடவை ஒற்றைப்படை வராது என்று எப்படிச் சொல்வாய்? அந்த இடத்தில்தான் பேச்சு நின்றுபோகும்.

பேப்பரில் செய்தால் மூன்று வரி. இரண்டு எண்களை எடுத்துவிட்டு வித்தியாசத்தை எழுதும்போது பலகையில் இருக்கும் மொத்தக் கூட்டுத்தொகை குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்றால் சிறிய எண்ணின் இரண்டு மடங்கு, அதாவது எப்போதும் ஓர் இரட்டைப்படை எண். ஆரம்பக் கூட்டுத்தொகை 5050, இரட்டைப்படை. ஆகவே ஒவ்வொரு படியிலும் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகவே இருக்கும், கடைசியில் மிஞ்சும் எண்ணும் இரட்டைப்படை. முடிந்தது.

இதில் கணினி எங்கே இருக்கிறது என்றால், முழுக்க அதுதான். ஒரு லூப் எத்தனை முறை சுற்றினாலும் அதற்குள் மாறாமல் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் ஒரு நிரல் சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் வழி. அதையே லூப் இன்வேரியன்ட் என்று பின்னால் சொல்லித்தருவார்கள். பதினோராம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் என்று ஒரு பகுதி படித்தீர்களே, ரிகர்ஷன் (ஒரு நிரல் தன்னையே திரும்ப அழைப்பது) என்று கோடிங் கிளாஸில் பயமுறுத்துவதற்குப் பின்னால் இருக்கும் தர்க்கமும் அதேதான். தேர்வு வைப்பவர்கள் இந்த மூளை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நிரல் மொழியை அவர்களே சொல்லிக்கொடுத்துக்கொள்வார்கள். அங்கே முதல் நிரலாக்கப் பாடம் பல ஆண்டுகளாக ஹாஸ்கெல் மொழியில் நடந்துவந்திருக்கிறது, கணிதச் சார்புகளை வைத்தே நிரல் எழுதும், பைதானிலிருந்து ரொம்பவே வேறுபட்ட மொழி அது. பைதானில் கரைகண்ட பிள்ளையும் ஒன்றும் தெரியாத பிள்ளையும் ஹாஸ்கெல் முன்னால் ஏறக்குறைய ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும். கோடிங் தெரிந்திருப்பது தப்பில்லை, நல்லதுதான். ஆனால் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அதற்காகப் பணம் கட்டி இன்னொரு கோர்ஸில் சேராதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன், சேராதீர்கள்.

அடுத்த கூத்து, வங்கித் தேர்வுக்கான ஆப்டிட்யூட் புத்தகங்கள். எதிரெதிரே வரும் ரயில், தொட்டியை நிரப்பும் குழாய், "அவள் என் மாமியாரின் ஒரே மகளின் மகள்" என்று ரத்த உறவு. ஒரு கணக்கை முப்பது நொடியில் முடிக்கும் ஷார்ட்கட்டை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். வங்கித் தேர்வுக்கு அது சரி. இங்கே ஒரு கேள்வியோடு அரை மணி நேரம் முட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்தான் தேறுவார். ஷார்ட்கட்டில் பழகிய பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் வழி தெரியவில்லை என்றால் கை அடுத்த கேள்விக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கே எனக்குப் பாதி நாள் போகிறது.

நம் ஊர் பிள்ளைகளைக் குறைசொல்லிப் பிரயோஜனமில்லை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007-லிருந்து நுழைவுத்தேர்வே கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆப் போட்டு இடம் கொடுக்கிறோம். அந்த முடிவில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, கிராமத்திலிருந்து எத்தனையோ பேர் அதனால்தான் உள்ளே வந்தார்கள். ஆனால் புக் பேக் கணக்குகளை நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, பார்க்காத கணக்கைப் பார்த்ததும் "இது சிலபஸ்ல இல்லையே சார்" என்று சொல்கிறது. சிலபஸில் இருக்கிறது. புத்தகத்தில் அந்த எண்கள்தான் இல்லை.

ஓர் உதாரணம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். ஒரு கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் மெய் அட்டவணை போட்டால் மார்க் நிச்சயம் என்று எல்லோரும் போடுவார்கள். அதே பிள்ளைகளிடம் மேசையில் நான்கு அட்டைகளை வைப்பேன். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது அ, க, 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்" என்பது விதி. விதி சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? பெரும்பாலும் வரும் பதில் அ, 4. மெய் அட்டவணையில் முழு மார்க் வாங்கியவர்களே சொல்லும் பதில் அது. 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது, 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும், ஆகவே திருப்ப வேண்டியது அ, 7 இரண்டும்தான். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-ல் இந்த மாதிரிப் புதிரை வைத்துத்தான் மனிதர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று காட்டினார், ஆகவே தப்பாகச் சொன்னால் அவமானமில்லை. ஆனால் கூற்றையும் அதன் மறுதலையையும் (அதையே திருப்பிப் போட்ட கூற்றையும்) போட்டுக் குழப்பிக்கொள்ளும் இந்தத் தப்பை நுழைவுத்தேர்வில் செய்தால் மார்க் போகும், போகத்தான் செய்கிறது.

நுண்கணிதமும் அப்படியே. வகைக்கெழு சூத்திரம் எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். சைன் எக்ஸ் = எக்ஸ்/10 என்ற சமன்பாட்டுக்கு எத்தனை மெய்த் தீர்வுகள் என்று கேட்டால் இயற்கணிதத்தில் போட்டுக் குடைந்துகொண்டிருப்பார்கள். இரண்டு வரைபடம் வரைந்து, எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணினால் ஏழு. சொல்லிவிட்டேனே என்று நம்பிவிடாமல் நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள். வரைபடம் கையால் வரைவதைப் பாதிப் பேர் பதினொன்றாம் வகுப்போடு விட்டுவிட்டார்கள்.

இப்போது வினாத்தாள். பகுதி ஏ, பகுதி பி என்று இரண்டு. ஏ-யில் விடையை மட்டும் எழுதினால் போதும், பி-யில் முழு விளக்கமும் எழுத வேண்டும். இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: ஏ பகுதியில் குறிப்பிட்ட மார்க்கைத் தாண்டினால்தான் உங்கள் பி பகுதியைத் திருத்தவே எடுப்பார்கள். நிரூபணத்தில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, பி பகுதியிலேயே நேரத்தை எல்லாம் செலவழித்துவிட்டு ஏ-யில் கோட்டைவிட்டாள். அவள் எழுதிய அழகான நிரூபணங்களை யாரும் படிக்கவே இல்லை. ஏ-யை அவசரமில்லாமல், ஆனால் முதலில் முடியுங்கள்.

பி பகுதியில் வெறும் விடை எழுதிவிட்டு வராதீர்கள். மூன்று உதாரணம் போட்டுப் பார்த்துவிட்டு "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று கடைசியில் கோடு போடுவதும் வேண்டாம், அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓர் எண்ணை எடுத்து அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-க்கு 41, 1-க்கு 43, 2-க்கு 47, எல்லாம் பகா எண். 39 வரைக்கும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681, அது 41-இன் வர்க்கம். நாற்பது உதாரணம் சரியாக வந்தும் "எப்போதும் பகா எண்தான் வரும்" என்ற கூற்று தப்பு. மூன்று உதாரணத்துக்கு என்ன மதிப்பு இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அதற்காக முழுசாக வரவில்லை என்றால் தாளை வெறுமையாக விட்டுவிடாதீர்கள், பாதி தூரம் சரியாகப் போயிருந்தால் அதைத் தெளிவாக எழுதி, "இதற்கு மேல் இதைக் காட்ட வேண்டும்" என்று நிறுத்துங்கள். திருத்துகிறவர் ஒரு கணித ஆசிரியர், நேர்மையான பாதிக்கும் பூசி மெழுகிய முழுசுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

பழைய வினாத்தாள்கள் கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, இலவசமாக. அவற்றையே அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஸ்டடி மெட்டீரியல் என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். எடுக்கும்போது ஒன்றைப் பார்த்து எடுங்கள்: எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்கான தாள்களும் அதே தளத்தில்தான் கிடக்கும். அதில் ஆட்டோமேட்டா (கணினியின் கணித மாதிரிகள்), அல்காரிதம் எல்லாம் வரும். அதைத் தவறுதலாக இறக்கிப் பார்த்துவிட்டு ராத்திரி எல்லாம் தூங்காமல் காலையில் எனக்குப் போன் போடும் பிள்ளை வருடத்துக்கு ஒன்றாவது உண்டு.

ஒரு தாளை எடுத்தால் கடிகாரம் வைத்து, போனை அடுத்த அறையில் வைத்து, முழுசாக எழுதுங்கள். கால்குலேட்டர் தொடவே கூடாது. விடையை உடனே பார்க்காதீர்கள், ஒரு நாள் தள்ளிப் பாருங்கள், அந்த ஒரு நாளில் கணக்கு உங்களுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும். எழுதியதை நண்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அவனுக்குப் புரியாத வரி நிரூபணத்தில் ஓட்டை இருக்கும் வரி. வாரத்துக்கு ஒரு தாளை இப்படி எழுதுவது, யூடியூபில் தினம் ஐந்து மணி நேரம் யாரோ கணக்குப் போடுவதை வேடிக்கை பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்படாதீர்கள், கணித ஆங்கிலம் சின்னது. நானூறு ஐந்நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். அரசுப் பாடநூல் இரண்டு வழியிலும் இணையத்தில் கிடைக்கிறது, ஆங்கிலவழிப் புத்தகத்தையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே பாடத்தை இரண்டிலும் படியுங்கள். "எல்லா", "ஏதேனும் ஒரு", "குறைந்தபட்சம்", "ஆக இருந்தால் மட்டுமே" என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன வருகிறது என்று மட்டும் அச்சுப் பிசகாமல் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குத் தெரிந்தும் அந்த இடத்தில் சறுக்கியவர்கள் உண்டு. விடையைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், இலக்கணத்துக்கு யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கும் கொஞ்சம். தேர்வு வழக்கமாக மே மாதம், நீட், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எல்லாம் நெருக்கியடிக்கும் நேரம். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கட்டும் என்று ஒரே பிள்ளையை நாலு திசையில் இழுக்காதீர்கள். விண்ணப்பத் தேதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாமல் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், பொதுத்தேர்வு முடிந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டுக் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் பற்றிப் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள், கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அங்கே உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறுதியாக இடம் வாங்கித் தருகிறோம் என்று எந்தக் கோச்சிங் சென்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைக்குக் கணக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள், ஐ.டி. வேலைக்காக மட்டும் என்றால் அதற்கு வேறு நூறு கல்லூரிகள் இருக்கின்றன, இந்தத் தேர்வுக்காக அவனைப் போட்டு வதைக்க வேண்டியதில்லை.