புக்கிங் பணத்துக்கு முன்னால் கிராண்ட்

சனிக்கிழமை காலையில் என் அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கு புக்கிங் பணம் கட்டிய ரசீதோடுதான் வருவார்கள். பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் பார்க்கிங் கிடைக்காத எரிச்சல் ஒரு பக்கம், வீடு அமைந்துவிட்ட சந்தோஷம் இன்னொரு பக்கம். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "லாயர் ஃபீஸ் எவ்வளவு மேடம்?"

சரி, அதை முதலில் முடித்துவிடுவோம். கட்டணம் நாங்கள் இஷ்டத்துக்குப் போடுவதல்ல. 2023 முதல் நடப்பில் உள்ள ஆணைப்படி முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. 450,000 ரிங்கிட் வீடு என்றால் 5,625. கடன் பத்திரத்துக்கு இதே கணக்கில் தனிக் கட்டணம், மேலே சேவை வரி. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2 விழுக்காடு, ஆக இந்த 450,000-க்கு 8,000. கடன் 405,000 என்றால் அதன் முத்திரை வரி அரை விழுக்காடு, 2,025. இதையெல்லாம் போனிலேயே கணக்குப் போட்டுவிடலாம். நான் திருப்பிக் கேட்பது வேறு: "கிராண்ட் பார்த்தீங்களா?"

பார்த்திருக்க மாட்டார்கள். சமையலறை டைல்ஸைப் பார்த்திருப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்த்திருப்பார்கள். கிராண்ட் என்று நாம் சொல்லும் நில உரிமைப் பத்திரத்தை ஏஜெண்டும் காட்டியிருக்க மாட்டார்.

அப்படி வந்த ஒரு தம்பதி. கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன், மனைவி தாதி. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு 2 விழுக்காடு புக்கிங் கட்டிவிட்டார்கள். நில அலுவலகப் பதிவில் தேடல் எடுத்துப் பார்த்தால் குத்தகை நிலம். அதோடு 'செகாத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி: மாநில அரசின் அனுமதியில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அனுமதி வாங்கலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் ஒப்பந்தத்தின் ஒரு வரி முக்கியமாகிறது. பழைய வீடு வாங்கும்போது மீதிப் பணம் கட்ட வழக்கமாக 3 மாதம் கொடுப்பார்கள், தவறினால் வட்டியோடு இன்னொரு மாதம். வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 8 விழுக்காடு. அந்த 3 மாதம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஓடினால், ஃபைல் கொம்தாரில் நில அலுவலகத்து மேசையில் தூங்கிக்கொண்டிருக்க, வட்டி உங்கள் தலையில் ஏறும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓட வேண்டும் என்று திருத்தி எழுதினோம். விற்பவர் தரப்பு கொஞ்சம் முறுக்கிவிட்டு ஒத்துக்கொண்டது.

அவர்களுடைய புக்கிங் பாரத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எங்கும் எழுதவில்லை. "ஏஜெண்டு வாயால சொன்னாரு மேடம்" என்றார் கணவர். வாயால் சொன்னதை வைத்து நான் வழக்காட முடியாது. அதை எழுத்தில் கேட்டால் ஏஜெண்டு முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

புது வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'லாயர் ஃபீஸ் இலவசம்' என்று மேம்பாட்டாளர் சொன்னால், அந்த வழக்கறிஞர் பெரும்பாலும் அவருடைய ஆள். உங்களுக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலையில்லை.

தேடல் எடுப்பதை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், நம் தஞ்சோங் பூங்கா நிலத்தில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. உரிமையாளர் தாய்லாந்துப் பெண்மணி. அவரைப்போல் நடித்து வேறொருத்தி நிலத்தை விற்றுவிட்டாள். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், தெரியாமல் வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் சொந்தம் என்றது. 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் தள்ளியது. அதனால் இன்றைய நிலை, போலியிடம் நேரடியாக வாங்கியவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் நிலத்தை இழக்கலாம். விற்பவர் அடையாள அட்டையும் கிராண்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நாங்கள் பார்ப்பது அதற்காகத்தான். கையெழுத்தானதும், வேறு யாரும் நிலத்தைக் கைமாற்றாதபடி பதிவில் தடை வைக்கும் கேவியட்டை உங்கள் பெயரில் போடுவதும் அதற்காகத்தான்.

பெயர் என்று வந்தாயிற்று, நம் குடும்பங்களில் அதிகம் தடுக்கும் இடமும் இதுதான். "ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ஒருத்தர் போயிட்டா மத்தவருக்குத் தானா வந்துடும்ல?" என்று கேட்காத தம்பதி குறைவு. வராது. தீபகற்ப மலேசிய நிலச் சட்டத்தில் கணவன் மனைவிக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. ஆளுக்குப் பாதி என்றால் இறந்தவரின் பாதி அவருடைய சொத்தாகத் தனியே நிற்கும். உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் அதைப் பிரிக்கும்: மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மாமியார் உயிரோடு இருந்தால் அவரும் பங்குதாரர். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் அவர்கள் பங்கை அம்மா நினைத்தபடி விற்க முடியாது. அப்படிக் கணவரின் பாதி தனியே நின்ற வீட்டை வைத்து ரீஃபைனான்ஸ், அதாவது புதிதாகக் கடன் எடுக்கலாம் என்று வந்த ஒரு சகோதரியிடம், முதலில் இறந்தவர் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரம் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பவேண்டி வந்தது. கணவர் போய் நான்கு ஆண்டு ஆகியிருந்தது. வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி இருந்ததால் கடனாவது அடைந்திருந்தது.

இதே பெயர் இன்னொரு இடத்திலும் கடிக்கும். முதல் வீடு வாங்கும் மலேசியருக்கு 500,000 ரிங்கிட் வரை முத்திரை வரி விலக்கு உண்டு. ஆனால் இதற்குமுன் எந்தக் குடியிருப்பும் சொந்தமாக இருந்திருக்கக் கூடாது, வாரிசாக வந்த பங்குகூட. புக்கிட் மெர்தாஜாமில் அப்பாவின் தரைவீட்டில் மூன்றில் ஒரு பங்கு தன் பெயரில் ஏறியிருப்பதை மறந்தே போயிருந்தாள் ஒரு பெண். "அது அம்மா வீடு மேடம்" என்றாள். கிராண்டில் அவள் பெயர் இருந்தது. மேலே சொன்ன 8,000-மும் 2,025-உம் அவள் கையிலிருந்து போனது.

ரீஃபைனான்ஸ் பற்றிச் சுருக்கமாக. வட்டி குறைகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். பழைய கடனில் லாக்-இன் காலம் முடிந்ததா என்று பாருங்கள். பல வங்கிகளில் 3 முதல் 5 ஆண்டு, அதற்குள் வெளியேறினால் அபராதம். புதுக் கடனுக்கு வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் மறுபடி. மிச்சமாகும் வட்டி இதையெல்லாம் தாண்டுகிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

சென்ற மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளுக்கு வீட்டை எழுதி வைக்க வேண்டுமாம். கையில் பிளாஸ்டிக் பையில் நில வரி ரசீதுகள், ஆண்டு வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. கடன் கட்டி முடித்துப் பதினோரு ஆண்டு. ஆனால் தேடலில் வங்கியின் அடமானம் அப்படியே பதிவில் இருந்தது, கிராண்டும் வங்கியிடமே இருந்தது.

"ஏன் ஐயா அப்பவே எடுக்கல?"

"அங்கேயே பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்மா."

கடன் கொடுத்த வங்கி இதற்குள் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறிவிட்டது. அடமான விடுவிப்புப் பாரம் 16என்-இல் கையெழுத்து வாங்க இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.