19-உம் 28-உம் கூட்டினால் 41

பழைய கேம்பாய் விளையாட்டுக் கருவியைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் நிரல் ஒன்றை, அதாவது ஓர் எமுலேட்டரை, எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் அருமையாக ஓடுகிறது. ஸ்கோர் 12-உடன் 25 சேர்ந்தால் சரியாக 37 வருகிறது. ஆனால் 19-உடன் 28 சேர்ந்தால் 47-க்குப் பதில் 41. எங்கே தேடுவது?

ஸ்கோர் போன்ற எண்களைப் பெரும்பாலும் இலக்கத்துக்கு நான்கு பிட் என்று பிரித்து வைப்பார்கள். 9-உம் 8-உம் 17. நான்கு பிட்டில் 15 வரைதான் அடங்கும், அதனால் அதில் 16 மேல் இலக்கத்துக்கு ஒன்றாக ஏறிவிடும், கீழே மிஞ்சுவது 1. மேலே 1, 2, ஏறிய 1, மொத்தம் 4. ஆக 41. இதுவரை தப்பே இல்லை, அசல் சிப்பும் இங்கே 41 என்றுதான் சொல்லும். அப்புறம் டிஏஏ என்ற கட்டளை வந்து 6 சேர்த்து 47 ஆக்கும். இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதை, கீழ் இலக்கத்திலிருந்து மேலே ஒன்று ஏறியதா என்று குறித்துவைக்கும் 'ஹாஃப் கேரி' என்ற ஒற்றை பிட் ஃபிளாகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கூட்டல் கட்டளையில் அந்த ஃபிளாகைப் போட மறந்திருந்தால் போச்சு. டிஏஏ-வை நூறு முறை படித்தாலும் பிழை அகப்படாது. எனக்குத் தெரிந்து ஃபிளாக் பிழைகள்தான் ஆளை அதிகம் அலைக்கழிப்பவை.

இதற்கு மருந்து, ட்ரேஸ். ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்), ஃபிளாகுகள், சைக்கிள் கணக்கு (எத்தனை கடிகாரத் துடிப்பு ஆனது) எல்லாவற்றையும் ஒரு வரியாக எழுதி, நம்பகமான எமுலேட்டரின் ட்ரேஸோடு ஒப்பிட வேண்டும். முதலில் மாறும் வரியைத்தான் பிடிக்க வேண்டும், பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் விளைவு.

அந்த வரியில் எது மாறுகிறதோ அதை வைத்தே பிழையின் வகையும் தெரியும். சைக்கிள் மட்டும் மாறினால் நேரப் பிழை. 6502 என்ற பழைய சிப்பில் முகவரி 256 பைட் பக்கத்தைத் தாண்டினால் சில கட்டளைகளுக்கு ஒரு சைக்கிள் கூடும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொரு வகை, சிப்பின் சொந்தப் பிழை. 1975-இல் வந்த 6502, மறைமுக ஜம்ப்பில் (போக வேண்டிய முகவரியை நினைவகத்திலிருந்து படித்துத் தாவும் கட்டளை) அந்த முகவரி ஒரு பக்கத்தின் கடைசி பைட்டில் தொடங்கினால், மறுபாதியை அடுத்த பக்கத்தில் எடுக்காமல் அதே பக்கத்தின் முதல் பைட்டில் எடுத்துவிடும். எமுலேட்டரும் அப்படியே செய்ய வேண்டும். பின்னால் வந்த அதன் வடிவமான 65சி02-இல் இதைத் திருத்திவிட்டார்கள், அதனால் எந்தச் சிப் என்பதும் முக்கியம்.

ஒப்பிடும் எமுலேட்டரே தப்பாக இருந்தால்? இசட்80 என்ற இன்னொரு சிப்புக்கு செக்ஸால் என்ற சோதனை நிரல் உண்டு. கட்டளைகளை ஏராளமான மதிப்புகளில் ஓட்டி, விளைவுகளைக் கட்டளைக் குழுவுக்கு ஒன்றாக சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்கி, அசல் சிப்பில் எடுத்த எண்ணோடு பொருத்தும். எந்தக் கட்டளைக் குழுவில் தப்பு என்று அது காட்டிவிடும். எந்த மதிப்பில் என்று காட்டாது, அதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.