பொங்கலுக்குப் பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களை கொழும்பு வெள்ளவத்தையின் கடலோர வீதியான மரைன் டிரைவில் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மார்கழியில் இருட்டோடு எழுந்து பம்பலப்பிட்டி வரை கைவீசி நடந்தவர்கள், பாதித் தூரத்திலேயே இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். போன வருடம் அப்படி நின்ற ஓர் ஐயா, “இரண்டு கிழமை விட்டதில் எல்லாம் போய்விட்டது, தம்பி. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்” என்றார். அடுத்த நாள் அவரைக் காணவில்லை. அடுத்த கிழமையும் காணவில்லை. அவர் நினைத்தது சரியல்ல என்று அன்றைக்கே விளக்காமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உண்மையில் போனது என்ன? தொடர்ந்து நடப்பவரின் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் நன்றாக நிரம்பி, நிறைய இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நடையை நிறுத்தியதும் உடல் முதலில் கைவிடுவது இந்த மேலதிக நீரைத்தான். இரண்டு கிழமைக்குள் அது குறைந்துவிடுகிறது. அதே தூரத்தை நடக்க இதயம் இப்போது கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு மூச்சு வாங்குகிறது. நடக்கத் தொடங்கினால் சில நாட்களிலேயே பிளாஸ்மா மீண்டும் ஊறத் தொடங்கும். ஐயா இழந்ததில் பெரும்பகுதி கொஞ்சம் உப்பு நீர்!

1984இல் எட்வர்ட் கொயில் குழுவினர், கடும் பயிற்சியில் இருந்த 7 பேரை 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தச் செய்து அளந்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு முதல் 21 நாட்களில் 7 வீதம் குறைந்தது. 56 நாட்களுக்குப் பிறகு, தொடக்கத்தைவிட 16 வீதம் குறைந்த நிலையில் நின்றுவிட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருந்தும் இழப்பு அவ்வளவுதான். தசைகளின் பலமோ மூன்று, நான்கு கிழமை வரை பெரிதாகக் குறைவதில்லை.

எடையும் அப்படித்தான். நத்தார், புதுவருடக் காலத்தில் 195 அமெரிக்கர்களை எடைபோட்ட ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியானது. சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. உரித்த தேங்காய் ஒன்றின் எடைகூட இல்லை. ஆனால் அந்தச் சிறு எடை அடுத்த வருடம் முழுக்க இறங்கவுமில்லை. என் கவலை அங்கேதான்: பண்டிகை செய்யும் சேதம் சிறியது, அதன் பிறகு நடைக்குத் திரும்பி வராமல் இருப்பதுதான் பெரியது.

ஏன் திரும்பி வருவதில்லை? 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் இருவரும் நடத்திய சோதனை ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்க்க என்று ஐஸ்கிறீமை முன்னால் வைத்தார்கள். வழக்கமாகச் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு குறைவாகச் சாப்பிடவில்லை, கூடுதலாகவே சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன என்ற எண்ணம்தான் காரணம். சர்க்கரைப் புக்கையின் இரண்டாம் தட்டும், “எல்லாம் போய்விட்டது” என்ற பேச்சும் இந்த எண்ணத்தின் பிள்ளைகள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நாம் சோம்பல் என்று தவறாகப் பெயரிட்டுவிடுகிறோம். பழக்கம் இடத்தோடும் நேரத்தோடும் பிணைந்தது. ஐந்தரை மணி அலாரம், வாசலில் சப்பாத்து, முதல் ரயிலின் சத்தம்: இவைதான் காலைத் தூக்கி வைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் இவை எதுவுமே இல்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்தார். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

அப்படியானால் திரும்பி வர எது உதவும்? நன்றி உணர்வு உதவக்கூடும். 2003இல் ரொபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மக்கல்லாவும் மாணவர்களைப் பத்துக் கிழமைகள், கிழமைக்கு ஒரு முறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றிக்குரிய ஐந்து விடயங்கள் வரை எழுதியது, இன்னொன்று அன்றாடத் தொல்லைகளை எழுதியது. நன்றி எழுதியவர்கள், தொல்லை எழுதியவர்களைவிடக் கிழமைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சி செய்ததாகச் சொன்னார்கள். அளவுகள் அவர்களே சொன்னவை. நாள்தோறும் எழுதிய இரண்டு கிழமைச் சோதனையில் உடற்பயிற்சியில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இருந்தும் இது வேலை செய்யக்கூடிய வழி எனக்குப் புரிகிறது. குற்ற உணர்வால் உந்தப்பட்ட உடற்பயிற்சி நீடிப்பதில்லை. தனக்குப் பிடித்ததாக, தான் மதிப்பதாக அமைந்ததே நீடிக்கிறது என்று ஊக்கம் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வடைக்குத் தண்டனையாக நடந்தால் நடை ஒரு கடன் அடைப்பு. முழங்கால் இன்னும் மடங்குகிறது என்பதற்காக நடந்தால் அதற்கு நாளைக்கும் காரணம் இருக்கும்.

பொங்கலே நன்றிக்கான நாள்தான். அதில் எனக்குப் பிடித்தது அதன் துல்லியம். வெறுமனே “எல்லாவற்றுக்கும் நன்றி” என்று நாம் சொல்வதில்லை. சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், பானையில் புது அரிசி. தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கும் கொழும்புக்காரரும் கிழக்கைப் பார்த்துத்தான் நிற்கிறார். உடலுக்கும் இப்படிப் பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள், கிழமைக்கு ஒரு முறை.

ஊருக்குப் போகும் பையில் சப்பாத்தையும் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒழுங்கையில் நடந்தாலே போதும். இயங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். திரும்பி வந்த முதல் கிழமை பாதித் தூரம் மட்டும் நடங்கள். தை மாதம் கொழும்பில் மழை குறைந்த, காலையில் இதமான காலம்.

இந்த வெள்ளிக்கிழமை என் கொப்பியில் மூன்று வரிகள் எழுதினேன்: படி ஏறும்போது வலிக்காத இடது முழங்கால், கடற்காற்று, திரும்பும் வழியில் சுடச்சுட வல்லாரைக் கஞ்சி ஊற்றித் தரும் அம்மா. அவரிடம் அந்த ஐயாவைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறேன்.