‘ஓ.டி.பி. சொன்னீங்களா?’: வங்கியில் பதில் சொல்லும் முன் படியுங்கள்

போன வருடம் என்னிடம் மனு எழுதி வாங்க ஒரு பாட்டி வந்தார். அவர் கணக்கிலிருந்து யாரோ ஆதார் கைரேகை மெஷின் மூலம் பென்ஷன் பணத்தை எடுத்திருக்கிறார்கள். மெசேஜ் வரவில்லை. பாஸ்புக் என்ட்ரி போடப் போன அன்றுதான் தெரிந்தது. “மூணு நாளைக்குள்ள வந்திருக்கணும், இப்ப ஒரு மாசம் ஆயிடுச்சே பாட்டி” என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதில் தவறு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதி இதற்குத்தான் இருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லாமல், உங்களிடமும் இல்லாமல் பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பி வர வேண்டும். அந்த 3 நாள், பணம் போன நாளிலிருந்து ஓடாது. வங்கி உங்களுக்குத் தகவல் சொன்ன பிறகுதான் ஓடத் தொடங்கும். தகவல் கிடைத்த நாளும் கணக்கில் வராது. வங்கியின் மீதே தவறு என்றால் நாள் கணக்கே கிடையாது. மனுவில் முதல் வரியாக எழுத வேண்டியது இதுதான்: “எனக்கு வங்கியிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை, இன்ன தேதியில் பாஸ்புக் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.”

4 முதல் 7 வேலை நாட்களுக்குள் போனால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்கில் 5,000. அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கி வகுத்த கொள்கைதான். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் பணத்தைத் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தக் கவுன்டரிலும் இதை யாரும் தானாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அடுத்த பொறி, ஒரு கேள்வி. “ஓ.டி.பி. சொன்னீங்களா?” பயத்தில் “சொல்லியிருப்பேனோ என்னவோ” என்று ஒருவர் முனகினார். ‘வாடிக்கையாளரே ஓ.டி.பி. பகிர்ந்தார்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உங்கள் கவனக்குறைவால் போனது என்று பதிவானால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். சொல்லவில்லை என்றால் “சொல்லவில்லை” என்றே எழுதுங்கள். அடுத்தவர் நிரப்பிய படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே விதி சொல்கிறது. சொல்லியிருந்தாலும் உடனே புகார் கொடுங்கள். புகாருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பொறுப்பு.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. இணையக் குற்றங்களுக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது, 2008-ல் திருத்தினார்கள். யு.பி.ஐ. வந்ததோ அதற்கெல்லாம் பிறகு, 2016-ல். 2017 விதி, உங்கள் அனுமதியில்லாமல் நடந்த பரிமாற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இன்றைய திருடனோ போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து மிரட்டி, உங்கள் விரலாலேயே பின் நம்பரை அழுத்த வைக்கிறான். “நீங்களேதானே அனுப்பினீங்க” என்று வங்கி கைவிரித்துவிடும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வைத்துவிட்டார்கள். அனுப்பிய வங்கியும் பணம் போய்ச் சேர்ந்த வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். இங்கும் அப்படி ஒரு விதி வந்தாக வேண்டும்.

அதுவரை மிரட்டலில் ஏமாந்தவர்களுக்கு உள்ள நல்ல வழி வேகம்தான். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். அங்கே தரும் புகார் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் திருடன் காத்திருப்பான். “மீட்டுத் தர்றோம், கொஞ்சம் கட்டணம் கட்டுங்க” என்று வருகிறவனும் அதே கூட்டம்தான்.

காவல் நிலையத்தில் “இது எங்க லிமிட் இல்ல” என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர்தான் விசாரிக்க முடியும் என்பது உண்மை. அதற்காக “இன்ஸ்பெக்டர் ஐயா வரட்டும், நாளைக்கு வாங்க” என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள், குறைந்தபட்சம் மனு ரசீதாவது வாங்குங்கள்.

1930-ல் சொன்னதே போதும் என்று வங்கியை விட்டுவிடுகிறார்கள். கூடாது. கிளையில் எழுத்தில் தனியாகப் புகார் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. அந்தச் சீல் வைத்த நகல் இல்லாமல் போனால் அங்கிருந்து மறுபடி கிளைக்கே அனுப்புவார்கள்.

செல்போன் நம்பர் மாறியிருந்தால் இந்த வாரமே வங்கியில் மாற்றிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் ஆதார் கைரேகையை ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் பூட்டி வையுங்கள், பணம் எடுக்கப் போகும்போது மட்டும் திறந்தால் போதும்.